இலையைத் திருப்பிப் பார்க்கிற அக்கா

முதல்முறை எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நூம்பலில் அந்த அடுக்ககத்துக்கு நாங்கள் குடிவந்த நாள் அது. பால் காய்ச்சி முடித்து, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றிருந்தேன். திறந்திருந்த கதவு வழியாக ஒரு சொம்பு மோரோடு வந்தவர், சொம்பை என் கையில் திணித்துவிட்டு நேரே பால்கனிக்குப் போனார். விருதுநகரிலிருந்து லாரியில் எங்களோடு வந்த செம்பருத்தித் தொட்டி அங்கே இருந்தது. குனிந்து ஒரு இலையை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"மேல பளபளன்னு கீது. கீழ பாரு, கும்பலா குந்திகினு கீறாங்க."

போய்ப் பார்த்தேன். இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது.

"மொதல்ல இவங்கள காலி பண்ணு. அப்பறம் நீ குடி வா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். வந்த அன்றைக்கே என் செடியைக் குறை சொல்ல இவர் யார்? நான் கொஞ்சம் வாய்த்துடுக்குக்காரி. "மோர் கொடுக்க வந்தீங்களா, செடி பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"செடி பாக்கத்தான். வெறுங்கையோட வந்தா நல்லா இருக்காதுன்னு மோரு எடுத்துனு வந்தேன்" என்றார் கொஞ்சமும் கூச்சமில்லாமல். அப்படிப்பட்ட மனுஷியிடம் எப்படிச் சண்டை போடுவது? மோரைக் குடித்துவிட்டேன்.

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அடுக்ககத்தில் சின்னதிலிருந்து பெரிசு வரை எல்லாருக்கும் அவர் கீழ்வீட்டு அக்கா, அவ்வளவுதான். நான் ஆவடிப் பக்கம் மாறி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பேரைப் போட்டு எழுதினேன் என்று தெரிந்தால், "என் பேரப் போட்டியே, செடி போட்டோவ ஏன் போடல?" என்றுதான் போன் வரும். அந்தப் போனுக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

அந்த அடுக்ககம் நிற்கிற இடமே அவர் மாமனார் வீட்டு நிலம். கத்திரியும் வெண்டையும் விளைந்த மண் என்பார்கள். கட்டடம் கட்டியவர்கள் நிலத்துக்கு ஈடாகத் தரைத்தளத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். வந்த புதிதில் நான் ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விளைஞ்ச நிலத்துல கட்டடம் எழும்பினதைப் பார்க்கக் கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குக் கஷ்டம்? வெய்யில்ல குனிஞ்சி குனிஞ்சி கத்திரிக்கா பறிச்சவளக் கேளு. இப்போ நெழல்ல நின்னுகினு நாலு தொட்டியப் பாக்குறேன். கைய நீட்னா பைப்பு கீது. ராஜாத்தி மாரி கீறேன்."

பரிதாபப்பட நான் தயாராக வந்திருந்தேன். அதை அப்படியே சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எதையும் சும்மா விடத் தெரியாது அக்காவுக்கு. அதுதான் அவர். கீரைக்காரம்மா கூடையை இறக்கினால் போதும், ஒவ்வொரு கட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "யக்கா, நீ கீர வாங்குறியா, கைரேக பாக்குறியா?" என்று அந்த அம்மா தினமும் கேட்கும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மேடையோரத் தொட்டிகளைப் பார்ப்பார். வேலப்பன்சாவடியில் பல் டாக்டரிடம் எனக்குத் துணையாக வந்தவர், வீங்கிய கன்னத்தோடு நான் முனகிக்கொண்டிருக்கையில், மூலையிலிருந்த செடியிடம் போய் இலையைத் திருப்பினார். அது பிளாஸ்டிக். நான் பல்வலியோடு சிரித்துத் தொலைத்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"ஏம்மா, பூச்சி வராதுன்னா தூசி கூடவா தொடைக்க மாட்ட?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணைக் கேட்டுவிட்டு, என் முறை வரும்வரை முந்தானையால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தார். அந்தப் பெண் பாவம், ஓடிப்போய் ஈரத்துணி எடுத்துவந்து கொடுத்தாள்.

மனிதர்களையும் அப்படித்தான். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது கண்ணுக்குக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகத்தைத் திருப்பினார். "மஞ்சக் காமாலை. சந்தேகமே இல்ல" என்று சொல்லிக் கீழாநெல்லியை அரைத்து எடுத்துவந்து மூக்கைப் பிடித்து ஊற்றினார். டாக்டர், வெறும் காய்ச்சல்தான் என்றார். அக்காவிடம் சொன்னேன். "அதனால இன்னா? இனிமே வராது, போ" என்று ஜெயித்துவிட்டுப் போனார்.

காலையில் காபி குடித்த கையோடு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீர் இரண்டையும் எடுத்துக்கொண்டு தொட்டி தொட்டியாகப் போவார். இலைக்கு மேலே தெளிக்கவே மாட்டார், அடியில்தான். மழைக்காலத்தில் ரோஜா இலையில் கறுப்புப் புள்ளி விழுந்தால் அந்த இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொள்வார். மண்ணில் போட விடமாட்டார். "கீழ வுழுந்தத அப்டியே வுட்டா, நோவு அங்கயே பாய் போட்டுப் படுத்துக்கும்" என்பார். சாயங்காலம் யாராவது இலை நனையத் தண்ணீர் ஊற்றினால் தொலைந்தார்கள். மாடிக்காரர்கள் வடிகட்டிய டீத்தூளைச் சர்க்கரையோடு தொட்டியில் கொட்டினால், கீழேயிருந்து அண்ணாந்து கத்துவார். "கழுவிட்டுப் போடுங்கன்னு எத்தினி தபா சொல்றது? எறும்பு வருது, எறும்பு பின்னாலயே பூச்சி வருது." நாங்கள் எல்லோரும் சமையலறை ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொள்வோம்.

இலைக்கு அடுத்தபடியாக அக்கா நம்பியது திருஷ்டியை. "கல்லடி பட்லாம், கண்ணடி படக்கூடாது" என்பது அவர் வாயில் தினசரிப் பாட்டு. அடுக்ககத்தில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் ஆரத்தித் தட்டோடு வந்துவிடுவார். புது வண்டி வாங்கினால் ஆரத்தி. குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் ஆரத்தி. என் வீட்டுக்காரர் கம்பெனி வேலையாகப் புனே போய் வந்ததற்கு ஆரத்தி. ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த லிப்ட்டைச் சரிசெய்தபோது லிப்ட்டுக்கே சுற்றினார். உள்ளே நின்ற மெக்கானிக்குக்கும் சேர்த்துப் பொட்டு வைத்தார். அந்த ஆள் வெட்கப்பட்டுக்கொண்டே போனார்.

ஆரத்தித் தண்ணீரை முதலில் கேட் வாசலில்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலுக்குப் புதுக் கல் பதித்ததும், மூன்றாவது மாடியிலிருந்த எங்கள் சங்கத்துச் செகரட்டரி சார், "அம்மா, சிவப்புக் கறை போகவே மாட்டேங்குது, கல்லுல மட்டும் ஊத்தாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா முறைத்துக்கொண்டார். ஆனால் மறுநாளிலிருந்து கேட்டோரத்து ரோஜாத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தார். கால் மிதிபடாத இடம், நல்லதுதானே என்று எல்லாருமே நினைத்தோம்.

அந்த ரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஒரே மகள், பாப்பா என்று கூப்பிடுவார்கள். ஓசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து முதல்முறை சம்பந்தி வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, மாப்பிள்ளையின் அம்மா தன் வீட்டு ரோஜாவில் ஒரு பதியனை எடுத்துக் கொடுத்திருந்தார். வெளிர் சிவப்பு, அடுக்கடுக்காக இதழ், ஒன்று பூத்தால் படிக்கட்டு வரை மணக்கும். கொடுக்கும்போது அந்த அம்மா, "ஊர் மண்ணு வேற, வெயில் வேற. வந்தா வரட்டும். வராட்டி மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி" என்று சொல்லியிருக்கிறார்.

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். அக்கா அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார்.

முதல் வருஷம் செடி சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு பூவும் போட்டோவாக ஓசூருக்குப் போனது. பாப்பா முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்த அன்றைக்கு அக்கா மாடி மாடியாகச் சர்க்கரை கொடுத்தார். "வளகாப்பு இங்கதான். சம்பந்தியம்மா வருவாங்க. அவங்க செடிப் பூவ அவங்க கண்ணு முன்னால பாப்பா தலையில வெப்பேன்" என்றார்.

ஆடி மாசம் செடி மஞ்சளாக ஆரம்பித்தது.

அடி இலை இல்லை, கொழுந்து இலைகள். இலை முழுக்க வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக வலை பின்னினாற்போல நின்றது. அக்கா திருப்பிப் பார்த்தார். அடியில் பூச்சி இல்லை. சிலந்திப்பேன் நூல் இல்லை. புள்ளி இல்லை.

"பழைய எல மஞ்சளானா வயசு. புது எல மஞ்சளானா பசி" என்றார். "சோறு போடுறேன், உள்ள எறங்கமாட்டேங்குது."

மாட்டெரு வைத்தார். கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினார். துருப்பிடித்த ஆணிகளைத் தேடிப் புதைத்தார். இன்னும் வெளுத்தது. அப்புறம் வழக்கம்போல முடிவுக்கு வந்தார், கண் பட்டுவிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டே போனால் படாமல் என்ன செய்யும்?

"உப்பு மொளகா சுத்திப் போட்டா செடி வெந்துடும். இதுக்கு ஆரத்திதான் கரீட்டு" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை தோறும் செடிக்கே ஆரத்தி சுற்றி அதன் காலடியிலேயே ஊற்றினார். செடி இன்னும் மஞ்சளானது. செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டார்.

நான் வழக்கம்போலக் கிண்டல் செய்தேன். "செடிக்கு மஞ்சள் பூசிப் பூசித்தான் மஞ்சளாயிருச்சு போலக்கா."

அக்கா சிரிக்கவில்லை. தொட்டிப் பக்கத்தில் குந்தியிருந்தவர் எழுந்திருக்கவும் இல்லை.

"பாப்பா போன் பண்ணிச்சி. எத்த துன்னாலும் வாந்தி எடுக்குதாம். செடிக்கும் சோறு எறங்கல, பொண்ணுக்கும் சோறு எறங்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பொண்ண அவங்க ஊட்டுக்குக் குடுத்துகிறேன். அவங்க செடிய எனக்குக் குடுத்துகிறாங்க. அவங்க என் பொண்ண நல்லா வச்சிகினு கீறாங்க. நான் இத்த சாவடிச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சிகினு அவங்கள வளகாப்புக்குக் கூப்புடுவேன், சொல்லு."

என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் ஆபீஸ் மீட்டிங்கை வேறு ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, அக்காவோடு ஷேர் ஆட்டோ ஏறினேன். பூந்தமல்லி சாலையோரத்தில் ஒரு நர்சரி. அக்கா ஒரு மஞ்சள் இலையை ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நர்சரிக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மண்ணுல சுண்ணாம்பு ஏறிகீதுக்கா. சுண்ணாம்பு ஜாஸ்தியாச்சின்னா நீ எத்தினி ஆணி பொதச்சாலும் இரும்புச் சத்த வேரு இழுக்காது. எங்கனா செவுத்துக்கு வெள்ள அடிச்சீங்களா?"

அக்கா முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். போன மாசம்தான் செகரட்டரி சார் ஆள் வைத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார். நர்சரிக்காரர் அன்னபேதி என்று பச்சை நிறத்தில் ஒரு உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, எலுமிச்சைச் சாறோடு எப்படிக் கரைக்க வேண்டும், எவ்வளவு கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதையெல்லாம் நான்தான் கேட்டுக்கொண்டேன். அக்கா மனசுக்குள் சண்டையைத் தொடங்கிவிட்டார்.

கேட்டுக்குள் நுழைந்ததுமே குரல் எழும்பியது. "செகட்ரி சார், எறங்கி வா."

பாவம், மனிதர் டீ டம்ளரோடு இறங்கி வந்தார். எல்லா பால்கனியிலும் தலை முளைத்தது.

"செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சி என் செடியக் கொன்னுட்டியே சார். எம் பொண்ணு செடி அது."

"அம்மா, அது சுண்ணாம்பே இல்லை, பெயிண்ட்."

"மழ பெஞ்சி கரஞ்சி தொட்டியில எறங்கிகீது."

"இன்னும் மழையே பெய்யலையேம்மா."

"பெஞ்சா எறங்கும்ல?"

செகரட்டரி சார் மாடி ஏறிப்போய்க் காலி பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து காட்டினார். அக்கா அதை வாங்கி மோந்து பார்த்தார். அடியைத் திருப்பிக்கூடப் பார்த்தார். "டப்பா இன்னா வேணா சொல்லும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அடுக்ககம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நான் அக்கா கட்சி. பெயிண்ட் என்று தெரிந்தும் அக்கா கட்சிதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கறிவேப்பிலை கேட்டு அக்கா வீட்டுச் சமையலறைக்குப் போனேன். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்துக்கொண்டிருந்தார். வாய் செகரட்டரி சாரைத் திட்டிக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, விரலில் ஒரு தோண்டு தோண்டித் தட்டில் கலக்கியது. மஞ்சள் தண்ணீர் செக்கச்செவேலென்று திரும்பியது.

திட்டு பாதியில் நின்றது. அக்கா தன் விரல் நுனியைப் பார்த்தார். வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"கண்ணு, இது இன்னா?"

"சுண்ணாம்பு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆரத்தி சிவப்பாவதே அதனால்தானே. வண்டிக்கு, குழந்தைக்கு, புனேக்கு, லிப்ட்டுக்கு, அப்புறம் செடிக்கே செவ்வாயும் வெள்ளியும் சுற்றியதெல்லாம் அந்த ஒரு தொட்டியில்தான் போய் இறங்கியிருக்கிறது.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்து நானும் உட்கார்ந்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நானேதான். பொட்டு வெச்சி, பூ வெச்சி, சாமி பாட்டு பாடிகினே வெஷம் ஊத்திகிறேன். அந்த மனுசன் கையில டப்பாவ வேற தூக்க வெச்சேனே." நானும் சிரித்தேன். சத்தம் கேட்டு உள்ளே வந்த அவர் வீட்டுக்காரர், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

அன்றைக்கே சர்க்கரைப் பொங்கல் செய்து மூன்றாவது மாடிக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். செகரட்டரி சார் விஷயத்தைக் கேட்டு, "கல்லுல ஊத்தாதீங்கன்னு சொன்னது நான்தானேம்மா. பாதிப் பாவம் எனக்கு" என்றார் பெருந்தன்மையாக.

"பாதி இன்னாத்துக்கு சார், முழுசா நீயே வச்சிக்க" என்று சொல்லிப் பொங்கலை நீட்டினார் அக்கா. அவரும் முழுசாக வாங்கிக்கொண்டார்.

சிரிப்பெல்லாம் அடங்கிக் கீழே வரும்போது படியில் நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"சுத்தறத நிறுத்திட்டு, பொண்ணுக்கு ஒண்ணு ஆயிட்ச்சின்னா?"

பகுத்தறிவு பேசுகிற இடமா அது? "சுத்துங்கக்கா. தண்ணியை மட்டும் முச்சந்தியில கொண்டுபோய் ஊத்துவோம். நான் கூட வர்றேன்" என்றேன்.

அப்படித்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் சிவப்புத் தண்ணீர் தளும்பும் தட்டோடு, தெருவைத் தாண்டி, ஷேர் ஆட்டோ ஹாரனுக்கும் தண்ணி லாரிக்கும் ஒதுங்கி நின்று, முச்சந்தி வரை போவோம். டீக்கடையில் நிற்கிறவர்கள் காலை நகர்த்திக்கொள்வார்கள். "யாருக்கு அண்ணி ஆரத்தி?" என்று டீக்கடைக்காரர் கேட்டால், "செடிக்கு" என்பார் அக்கா. அவர் அதற்கு மேல் கேட்டதில்லை.

தொட்டியின் மேல்மண்ணில் வெள்ளையாகப் படிந்திருந்ததை அக்கா சுரண்டி எடுத்தார். குத்தம்பாக்கத்துப் பக்கம் போய்வந்த அவர் வீட்டுக்காரர் வண்டியில் ஒரு மூட்டை செம்மண் கொண்டுவந்து போட்டார். அன்னபேதியும் எலுமிச்சையும் கரைத்துத் தெளித்தோம். ஐப்பசி மழை மண்ணை நன்றாகக் கழுவிவிட்டது. ஒருநாள் காலை ஆபீஸ் போன் என்று நினைத்து எடுத்தால் அக்கா. "கீழ வா." வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். நைட்டியோடு ஓடினேன். கணுவில் செம்பு நிறத்தில் ஒரு துளிர், அதற்குக் கீழே விரிந்த இலை நல்ல பச்சை. ஓசூரில் பாப்பாவுக்கும் வாந்தி நின்று, மாமியார் கையால் களி உருண்டை கேட்டுச் சாப்பிடுவதாகச் செய்தி வந்திருந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அடைமழை பிடித்தபோது, கறுப்புப் புள்ளி வந்துவிடக் கூடாதென்று கேட் கம்பியில் குடையைக் கட்டிச் செடிக்குப் பிடித்தார். அந்த வீட்டில் இருந்ததே அந்த ஒரு குடைதான். அவர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கார்த்திகையில் வளைகாப்பு. செடி முழுக்கப் பச்சை, ஆனால் பூ இல்லை. ஒரே ஒரு மொட்டு, அதுவும் மூடிக்கொண்டு நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. "பூந்தமல்லியில ரோஜா வாங்கிட்டு வர்றேன். நூல்ல கட்டி விட்டுருவோம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"மனுசிக்கு சவுரி வெக்கலாம். செடிக்கு வெச்சா அது நம்மள இன்னான்னு நெனைக்கும்?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று காலையில் அவர் கண் சொன்னது.

வேன் வந்து நின்றது. பாப்பா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அக்கா ஆரத்தி சுற்றினார். எல்லா பால்கனியும் அந்தத் தட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தது. தட்டு என் கைக்கு வந்தது. நான் முச்சந்திக்கு ஓடி ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, மற்றவர்கள் எல்லாம் மொட்டைமாடிப் பந்தலுக்குப் போயிருந்தார்கள். கேட்டோரத்தில் சம்பந்தியம்மா மட்டும் செடிக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் அக்கா, பட்டுப்புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"நடுவுல மஞ்சளாப் பூட்ச்சி சம்பந்தி. என் தப்புதான். நானே சுண்ணாம்ப ஊத்தி" என்று அக்கா ஆரம்பித்தார்.

சம்பந்தியம்மா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க வீட்டுத் தாய்ச்செடி போயிருச்சு சம்பந்தி. இந்த மழையில தண்ணி நின்னு வேர் அழுகிப்போச்சு. எங்க மாமியார் வச்சது. பாப்பாகிட்ட, உங்க அம்மாகிட்ட சொல்லிராதேன்னு சத்தியம் வாங்கினேன். இங்கயும் இருக்காதுன்னு நெனச்சுட்டேதான் வேன்ல வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடன் கேட்கிறவர் போலத் தயங்கினார். "ஒரு குச்சி தருவீங்களா?"

அக்கா அந்த அம்மாவையே பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது.

"பொண்ணையே குடுத்துகிறேன். குச்சி பெருசா?" என்றார். என் பக்கம் திரும்பி, "உள்ள போய் கத்தரிக்கோல வெந்நீர்ல முக்கி எடுத்துனு வா" என்றார்.

எடுத்துவந்தேன். இருப்பதிலேயே நல்ல கிளையைத் தேர்ந்தெடுத்தார். அதில்தான் அந்த மொட்டு இருந்தது. "அக்கா, மொட்டு" என்று வாய்விட்டேன். "மொட்டோட வெச்சா வேர் புடிக்காது" என்று அதைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே குந்தினார்கள். ஒருவர் கிளையைச் சாய்வாக வெட்ட, இன்னொருவர் கீழ் இலைகளைக் களைந்தார். பழைய தொட்டி ஒன்றில் செம்மண்ணைக் கையால் அள்ளி நிரப்பி, குச்சியை நட்டு, சுற்றிலும் அழுத்தினார்கள். எந்த மண், எவ்வளவு ஈரம் என்று அவர்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம் வேறு. மாடியிலிருந்து, நல்ல நேரம் போகிறது என்று குரல் மேல் குரல். இருவரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

கடைசியில் பாப்பாவே லிப்ட்டில் இறங்கி வந்தாள். பின்னாலேயே வளையல் தட்டோடு செகரட்டரி சார் வீட்டம்மா.

"வளையல் எனக்கா, செடிக்கா?" என்றாள் பாப்பா.

இரண்டு அம்மாக்களும் செம்மண் அப்பிய கைகளோடு எழுந்து நின்றார்கள்.

"கையக் கழுவிட்டு வந்துர்றோம்" என்றார் சம்பந்தியம்மா.

"நேரம் இல்ல அத்தே" என்று பாப்பா அங்கேயே, கேட்டோரத்திலேயே, இரண்டு கையையும் நீட்டினாள். நான் அந்த மொட்டை அவள் கொண்டையில் செருகினேன். அக்கா மகள் கையைப் பிடித்துக்கொள்ள, சம்பந்தியம்மா முதல் வளையலை ஏற்றினார். பச்சைக் கண்ணாடி வளையல், மணிக்கட்டு வரை ஈரமான செம்மண்ணை இழுத்துக்கொண்டு போய் நின்றது. யாரோ துடைக்கத் துணி நீட்டினார்கள். பாப்பா வாங்கவில்லை. மண்ணோடேயே மாடி ஏறிப்போய் மணையில் உட்கார்ந்தாள்.